வீட்டுச் சாப்பாட்டில் நாய் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டில் மூன்று நாய்கள். மூன்றும் வீட்டுச் சமையலில்தான் வளர்கின்றன. அக்கம்பக்கத்திலும் உறவிலும் புதிதாகக் குட்டி வாங்கியவர்கள் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்பதை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. பன்னிரண்டு வருடமாக நாய்க்குச் சமைக்கிறேன். ஒரு குட்டியைத் தப்பாக வளர்த்து, அதன் கால் வளைந்ததைக் கண்ணால் பார்த்தவள். இங்கே வரும் அளவுகள் எல்லாம் ஆரோக்கியமான, வளர்ந்த நாய்க்கானவை. நோய் உள்ள நாய்க்கு டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

சோறும் சிக்கனும் போடுகிறோம். இதைவிட நல்ல சாப்பாடு என்ன இருக்கு?

நானும் அப்படித்தான் நினைத்தேன். கருப்பன் வந்தபோது நாற்பது நாள் குட்டி. காலையில் கொஞ்சம் பால்சோறு, ராத்திரி எலும்பில்லாத கோழிக்கறியும் சோறும். தட்டை நக்கி மினுங்க வைத்துவிடுவான். ஐந்தாம் மாதம் முன்னங்கால்கள் மணிக்கட்டில் வெளிப்பக்கமாக வளைய ஆரம்பித்தன. மொசைக் தரையில் நடந்தால் பாதம் சப்பையாக விரியும். மாடிப்படி ஏற மாட்டான். கீழேயே உட்கார்ந்து என்னைப் பார்த்து அழுவான். டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பளிச்சென்று வெள்ளையாகத் தெரியவேண்டிய எலும்பு, சுற்றியிருந்த சதையைப் போலவே மங்கலாக இருந்தது.

"என்னம்மா சாப்பாடு போடுறீங்க?"

"தினமும் கறி போடுறேன் டாக்டர்."

"எலும்போட சத்து எங்கேயிருந்து வருது?"

என்னிடம் பதில் இல்லை. 100 கிராம் எலும்பில்லாத கோழிக்கறியில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 200 மில்லிகிராம். கால்சியம் 10 மில்லிகிராம் அளவுதான். நாய்க்கு வேண்டியதோ பாஸ்பரஸுக்குச் சமமாக, அல்லது அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கால்சியம். அமெரிக்காவில் நாய் உணவுக்கு அளவுகோல் வகுக்கும் ஆஃப்கோ அமைப்பு இந்த விகிதத்தை 1:1-லிருந்து 2:1-க்குள் வைக்கச் சொல்கிறது. சாப்பாட்டில் கால்சியம் வராவிட்டாலும் ரத்தத்தில் அது குறையக்கூடாது, குறைந்தால் இதயமும் தசையும் ஓடாது. அதனால் உடம்பு சொந்த எலும்பைக் கரைத்து ரத்தத்துக்குக் கொடுக்கிறது. தட்டில் எவ்வளவு கறி கூடுகிறதோ அவ்வளவு பாஸ்பரஸ் கூடி, கரைவதும் கூடும். காட்டில் ஓநாய் இரையை எலும்போடு தின்கிறது. நாம் எலும்பைக் கழித்துவிட்டு, சத்தான பாகத்தைக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

எங்க பாட்டி வீட்டு நாய் பத்து வருஷம் தயிர்சாதத்திலேயே இருந்ததே?

இருந்திருக்கும். அந்த நாய் கட்டிப்போடாமல் வளர்ந்த நாய். எலி, ஓணான், கறிக்கடை வாசல் எலும்பு, கல்யாண வீட்டு இலை என்று பாட்டிக்குத் தெரியாமல் பாதிச் சத்தை வெளியே தேடிக்கொண்டது. இன்று மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் வளரும் நாய்க்கு நாம் வைக்கும் தட்டைத் தவிர வேறு வழி கிடையாது.

சோறு நாய்க்கு ஆகாது என்பதும் தவறு. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு கூடுதலாக இருப்பதை 2013-ல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். மனிதரோடு வாழ்ந்து வாழ்ந்து வந்த மாற்றம் அது. வெந்த சோறு நன்றாகச் செரிக்கும். தயிர்சாதத்தின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. 300 கிராம் சோற்றில் 100 கிராம் தயிர் விட்டுப் பிசைந்தால் சுமார் 450 கலோரி, 11 கிராம் புரதம். அதே 450 கலோரிக்கு வளர்ந்த நாய்க்குக் குறைந்தபட்சம் 20 கிராம் புரதம் வேண்டும். வயிறு நிறைகிறது, தொடைச் சதை வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வற்றுகிறது. "வயசாயிடுச்சு, அதான் மெலியுது" என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

வீட்டுக்குள் இருக்கும், கருத்தடை செய்த 10 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு 600 கலோரி அளவு. 20 கிலோ நாய்க்கு இரட்டிப்பு என்று நினைக்கவேண்டாம்; 1,000 போதும். உடம்பு பெரிதாக ஆக, ஒரு கிலோ எடைக்கு வேண்டிய தீனி குறைந்துகொண்டே போகும். ஓடியாடும் நாய்க்குக் கூட்டவேண்டும்.

இது தொடங்குவதற்கான எண்தான். பிறகு கை சொல்லும். உள்ளங்கையை விலாவில் வைத்து லேசாகத் தடவினால் எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்படவேண்டும், ஆனால் துருத்திக்கொண்டு நிற்கக்கூடாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரியவேண்டும். சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவை வேட்டைக்கு ஓடப் பிறந்த இனங்கள், கடைசி ரெண்டு மூன்று விலா தெரிவது அவற்றின் உடல்வாகு. பார்ப்பவர்கள் "சோறு போடுறதில்லையா?" என்று கேட்பதற்காகக் கொழுக்க வைக்காதீர்கள். லேப்ரடார் வைத்திருப்பவர்களுக்கு நேர் எதிராகச் சொல்லவேண்டும்: அது பசி பசி என்றுதான் பார்க்கும், நம்பாதீர்கள்.

10 கிலோ நாய்க்கு ஒரு நாள் சாப்பாடு எப்படி அமையும்?

நான் எடைபோட்டுச் செய்வது இது. தோலில்லாத, எலும்பெடுத்த கோழித் தொடைக்கறி 200 கிராம் (பச்சையாக நிறுத்தது). அரிசி அல்லது குருணை 60 கிராம், குழையவிட்டு வடித்த சோறு. ஒரு முட்டை, வேகவைத்தது. ஈரல் 15 கிராம். பரங்கி, கேரட், பீன்ஸ் எது இருக்கிறதோ அது 60 கிராம், வேகவைத்து மசித்தது. ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய். அரை டீஸ்பூன், தலைதட்டிய அளவு, முட்டை ஓட்டுப் பொடி. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 600 கலோரி, 50 கிராமுக்கு மேல் புரதம். இதை இரண்டு வேளையாகப் பிரித்து வைக்கிறேன். வாரம் இரண்டு நாள் கோழிக்குப் பதில் அதே எடை மீன்.

இதுவும் முழுச் சாப்பாடு ஆகவில்லை. துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ ஆகியவை இதில் போதாது. அதற்கென்று ஒரு பவுடர் சேர்க்கவேண்டும். கீழே அதைப் பற்றித் தனியாகச் சொல்லியிருக்கிறேன். அந்த வரியை விட்டுவிட்டு இந்தப் பத்தியை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தராசு கட்டாயமா என்று கேட்பார்கள். கட்டாயம். "ஒரு கரண்டி சோறு" என்பது என் கையில் 60 கிராம், என் மாமியார் கையில் 110 கிராம். நிறுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

முட்டை ஓட்டுப் பொடி எப்படிச் செய்வது?

முட்டையை உடைத்ததும் ஓட்டைக் கழுவி, கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டெடுக்கிறேன். கிருமிக்காக. பிறகு மொட்டைமாடியில் ஒரு பழைய தாம்பாளத்தில் காயவைக்க வேண்டும். காய்ந்துவிட்டதா என்பதற்குச் சோதனை, விரலால் அழுத்தினால் "சட்" என்று உடையும். வளைந்துகொடுத்தால் இன்னும் ஒரு வெயில் காட்டவேண்டும். இருபது முப்பது ஓடு சேர்ந்ததும் மிக்ஸியின் சின்ன ஜாரில், மசாலா அரைப்பதைவிட நேரமெடுத்து அரைக்கிறேன். நடுவில் நிறுத்தி மூடியைத் தட்டிவிட்டு மறுபடி. அரைத்ததைப் பழைய வேட்டித் துணியில் சலித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்ப்பேன். கோலமாவு மாதிரி நெருநெருவென்று இருந்தால் போதாது. முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி வழுக்கவேண்டும். கரகரப்பாக இருந்தால் குடலில் முழுசாகக் கரையாமல் கழிந்துவிடும்.

ஒரு டீஸ்பூன் பொடி சுமார் 5 கிராம். அதில் கால்சியம் கிட்டத்தட்ட 1.9 கிராம். பாஸ்பரஸ் மிகச் சொற்பம், அதுதான் இதன் அருமை: கறியில் உள்ள பாஸ்பரஸை இது சரியாக ஈடுகட்டும். ஈரமில்லாத பாட்டிலில் மாதக்கணக்கில் இருக்கும்.

கேழ்வரகில் கால்சியம் நிறைய இருக்கே, அது போதாதா?

கேழ்வரகு நல்ல தானியம், சோற்றுக்குப் பதில் கூழாகக் கொடுக்கலாம். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் மாவில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டிய 1.25 கிராம் கால்சியத்தை அதிலிருந்தே எடுக்கவேண்டும் என்றால் 350 கிராம் மாவு கொடுக்கவேண்டும். அந்த நாயின் ஒரு நாள் கலோரி மொத்தமும் அதிலேயே தாண்டிப் போய்விடும். போதாததற்குக் கேழ்வரகில் இருக்கும் ஃபைட்டிக் அமிலம் கால்சியத்தையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். ஓட்டுப் பொடியின் இடத்தில் கேழ்வரகை வைக்கவே முடியாது.

எலும்பு போடலாமா?

வெந்த எலும்பு வேண்டாம். வெந்ததும் எலும்பு இறுகி, கடித்தால் ஊசியாகப் பிளக்கும். தொண்டையிலும் குடலிலும் குத்தும். பச்சை எலும்பு அப்படிப் பிளக்காது என்றாலும் கறிக்கடையில் வெயிலில் தொங்கியதன் சால்மோனெல்லா கிருமி நாயோடு சேர்ந்து வீட்டுக் குழந்தைக்கும் வரும், கெட்டியான கால் எலும்பில் கடைவாய்ப் பல் உடையும். கோழிக் கழுத்தை முக்கால் மணி நேரம் குக்கரில் விட்டு, கையால் பிசைந்து ஒரு துணுக்குக்கூடக் கெட்டியாக இல்லை என்று பார்த்துவிட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு பொறுமை இருந்தால் சரி. எனக்கு ஓட்டுப் பொடியே நிம்மதி.

ஈரல் மலிவாகக் கிடைக்குது, தினமும் அதையே போட்டா?

கூடாது. ஈரலில் நிறைய இருக்கும் வைட்டமின் ஏ உடம்பில் தங்கிவிடும் சத்து. மாதக்கணக்கில் மிஞ்சினால் கழுத்தெலும்பும் மூட்டும் இறுகிப்போகும். 10 கிலோ நாய்க்கு வாரத்துக்கு 100 கிராம் போதும். கோழி ஈரலில் செம்புச்சத்து குறைவு, ஆட்டு ஈரலிலும் மாட்டு ஈரலிலும் அதிகம். அதனால் நான் மாற்றி மாற்றி வாங்குகிறேன். லேப்ரடார், டாபர்மேன் வளர்ப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆட்டு ஈரல் கொடுங்கள். அந்த இனங்களில் சிலவற்றுக்குச் செம்பு கல்லீரலில் தேங்கும் கோளாறு உண்டு.

நாம சாப்பிட்ட மிச்சத்தைப் போட்டா என்ன? வீணாகுதே.

நம் சமையலில் வெங்காயம் இல்லாத பண்டம் எத்தனை? சாம்பாரில் சின்ன வெங்காயம், குழம்பில் பூண்டு, பிரியாணியில் இரண்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். பச்சை, வெந்தது, வதக்கியது, காய்ந்த பொடி, எதுவானாலும் அதேதான். ஒரு கிலோ எடைக்கு 15 கிராம் வெங்காயம் ஒரே தடவையில் போனாலே ரத்தசோகை வரலாம். ஐந்து கிலோ எடையுள்ள பொமரேனியனுக்கு அது எட்டுச் சின்ன வெங்காயம். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போனாலும் சேதம் சேர்ந்துகொண்டே போகும். அன்றைக்கே தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்து ஈறு வெளுக்கும், நாய் மூச்சு வாங்கும், மூத்திரம் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் போகும். உடனே தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். வெங்காயத்தை எடுத்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றுவதும் உதவாது, சாறு குழம்பில்தான் இருக்கிறது.

பண்டிகை நாளில் இன்னொன்று. பாயசம், கேசரியில் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சில நாய்க்கு ஒன்றும் ஆகாது, சில நாய்க்கு நாலைந்து பழத்திலேயே ஆகிவிடும். எந்த நாய் எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால் ஒன்றுகூட வேண்டாம். காயவைக்காத திராட்சைப் பழமும் அப்படியே. சாக்லேட்டும், சர்க்கரையில்லாத சூயிங்கத்தில் வரும் சைலிட்டாலும் சேர்த்து விலக்குங்கள். விருந்தாளிகளிடம், குறிப்பாகப் பிள்ளைகளிடம், முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வெறும் சோறு, தாளிக்காத பருப்பு, வேகவைத்த காய், இட்லி துண்டு கொடுக்கலாம்.

உப்பு? மஞ்சள்? தேங்காயெண்ணெய்?

ஒரு சிட்டிகை உப்பு கெடுதல் இல்லை, நாய்க்கும் சோடியம் வேண்டும். மஞ்சள் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். தேங்காயெண்ணெயில் ரோமம் பளபளக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ரோமத்துக்கும் தோலுக்கும் தேவையான லினோலியிக் அமிலம் அதில் மிகவும் குறைவு. நல்லெண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும்தான் நிறைய இருக்கிறது.

மீன் எது நல்லது?

மத்தி. விலை குறைவு, ஒமேகா-3 கொழுப்பும் வைட்டமின் டி-யும் நிறைய. நாய் நம்மைப் போல வெயிலில் நின்று தோலிலேயே வைட்டமின் டி போதிய அளவு தயாரித்துக்கொள்ளாது, சாப்பாட்டில்தான் வரவேண்டும். குக்கரில் தண்ணீர் விட்டு நாலைந்து விசில் வைத்தால் மத்தி முள் மாவாகிவிடும். கானாங்கெளுத்தியும் நல்லது. பெரிய மீனின் முள்ளை எடுத்துவிடுங்கள். கருவாடு வேண்டாம், உப்பு.

நாங்க சைவம். நாயும் சைவமா வளரலாமா?

முட்டையும் பாலும் சேர்ப்பீர்கள் என்றால் முடியும். முட்டை, பனீர், தயிர், நன்றாக வெந்த பருப்பு, சோயா இவற்றைக் கொண்டு புரதத்தைக் கட்டலாம். ஆனால் கால்நடை உணவியல் தெரிந்த மருத்துவரிடம் அளவு வாங்கித்தான் செய்யவேண்டும், கண்மதிப்பில் கூடாது. முட்டையை வேகவைத்தே கொடுங்கள். பச்சை வெள்ளைக்கரு பயோட்டின் என்ற வைட்டமினை உடம்பில் சேரவிடாமல் கட்டிவிடும். பூனைக்கு இந்தப் பேச்சே இல்லை. கறியோ மீனோ இல்லாமல் பூனை நலமாக இருக்காது.

பவுடர் கட்டாயமா? எல்லாம்தான் வகைவகையா போடுறோமே.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துக் கால்நடை மருத்துவர்கள், புத்தகங்களிலும் இணையத்திலும் வந்த 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்துச் சத்துக் கணக்குப் போட்டு 2013-ல் வெளியிட்டார்கள். ஆஃப்கோ அளவை எல்லாச் சத்திலும் எட்டியவை 9 மட்டும். வகைவகையாகப் போட்டாலும் ஒரே சத்து எல்லா வகையிலும் குறைந்திருந்தால் ஈடாகாது. எங்கள் இரண்டாவது நாய் செல்விக்கு மூக்கோரமும் கண்ணைச் சுற்றியும் பொருக்குத் தட்டியதற்குக் காரணம் துத்தநாகக் குறைவு. அவள் தட்டில் கோழி, முட்டை, மீன், காய் எல்லாம் இருந்தன.

வாங்கும்போது "வீட்டுச் சாப்பாட்டை முழுமையாக்க" என்று தெளிவாகப் போட்ட வைட்டமின்-மினரல் கலவையாகப் பார்த்து, டாக்டரிடம் காட்டி வாங்குங்கள். ரோமம் வளர விற்கும் டானிக் வேறு, இது வேறு. கலவையிலேயே கால்சியம் இருந்தால் ஓட்டுப் பொடியை அதற்கேற்பக் குறைக்கவேண்டும்.

மனிதர் மாத்திரையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். முக்கியமாக, பல வீட்டில் அலமாரியில் கிடக்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட். 10 கிலோ நாய்க்கு அதில் ஒன்றே விஷ அளவைத் தொட்டுவிடும். சிறுநீரகத்தில் கால்சியம் படியும்.

குட்டிக்கும் வீட்டுச் சாப்பாடே போடலாமா?

என் பதில், ஒரு வயது வரை வேண்டாம். வளரும் குட்டிக்கு அதே கலோரிக்குக் கால்சியம் பெரிய நாயைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். குறைந்தால் கருப்பன் கதை. கிரேட் டேன், ராட்வைலர் போன்ற பெரிய இனக் குட்டிக்கு மிஞ்சினாலும் எலும்பு கோணும், ஏனென்றால் சின்னக் குட்டியின் குடல் வேண்டாத கால்சியத்தைத் தள்ளத் தெரியாமல் உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த இடுக்கில் கண்மதிப்புச் சமையல் செய்ய என்னால் முடியாது. நல்ல கம்பெனியின் குட்டிகளுக்கான டிரை ஃபுட்டை முதன்மையாக வைத்து, பத்தில் ஒரு பங்கு மட்டும் முட்டை, கறி என்று கொடுங்கள்.

சினையாக இருக்கும் பெட்டைக்கு அக்கறையில் கால்சியம் டானிக் ஊற்றுவதும் தவறு. குட்டி போட்ட பிறகு பால் சுரக்கும்போது உடம்பு எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கப் பழகாமல் போய், நடுக்கமும் வலிப்பும் வரும்.

பெடிகிரியிலிருந்து எப்படி மாற்றுவது? மாற்றினதும் பேதி ஆகுது.

ஒரே நாளில் மாற்றினால் ஆகத்தான் செய்யும். கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். கோழித் தோலைக் கட்டாயம் நீக்கவும். அந்தக் கொழுப்பு சில நாய்க்குக் கணையத்தை வீங்கவைத்துவிடும். பால் ஒத்துக்கொள்ளாத நாய்க்குத் தயிரோ மோரோ ஒத்துக்கொள்ளும்.

தினமும் தனியாகச் சமைக்க நேரம் ஏது?

ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம். கறிக்கடை பாயிடம் சனிக்கிழமையே சொல்லிவிட்டால் தோலுரித்து எலும்பெடுத்து வைத்துவிடுவார். ஒரு வாரத்துக்கு வேகவைத்து, வேளைக்கு ஒரு டப்பாவாக ஃப்ரீசரில் வைக்கிறேன். மறுநாள் டப்பா மட்டும் முதல் நாள் ராத்திரி கீழ்த்தட்டுக்கு இறங்கும். ஓட்டுப் பொடி, எண்ணெய், பவுடர் மூன்றையும் நாய்க்குத் தட்டில் வைக்கும்போதுதான் கலக்கவேண்டும். சூட்டில் பவுடரின் வைட்டமின்கள் சில அழியும்.

சரியாகத்தான் போடுகிறோம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாதம் ஒரு தடவை எடை. நாயைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறி, கழித்துக்கொள்ளலாம். மலம் உருண்டையாக, கையில் எடுத்தால் உடையாமல் இருக்கவேண்டும். வருடம் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. ஏழு வயதுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியிருந்தால் பாஸ்பரஸைக் குறைத்து முழுச் சமையலையும் மாற்றவேண்டியிருக்கும், அது டாக்டரின் வேலை. ஒரு நோட்டில் தேதி போட்டு எடை, சாப்பாட்டு மாற்றம், பேதி, அரிப்பு எல்லாவற்றையும் எழுதுங்கள். டாக்டர் கேட்கும்போது ஞாபகத்திலிருந்து சொன்னால் பாதி தப்பாகிவிடும்.

கருப்பனுக்கு இப்போது பதினொரு வயது. சாப்பாட்டைச் சரிசெய்து நாலு மாதத்தில் எலும்பு தேறியது, படி ஏறினான். இடது முன்னங்காலில் ஒரு சின்ன வளைவு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. மழைக்காலத்தில் எழுந்திருக்கும்போது அந்தக் காலைக் கொஞ்சம் உதறுவான். போன ஞாயிற்றுக்கிழமை எடை 16.2 கிலோ. போன மாதமும் அதுவே.